டீச்சர்மார் பெயரையும் கல்லில் எழுதுங்கள்: எங்கள் திருச்சபைச் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் சேகர குருவானவர் ஐயாவுக்கும், பள்ளித் தாளாளர் ஐயாவுக்கும், சேகரக் கமிட்டிப் பெரியவர்களுக்கும்,

பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டப்போவதாகப் போன மாதம் ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசித்தீர்கள். ஒரு லட்சமும் அதற்கு மேலும் கொடுப்பவர்களின் பெயர் மண்டப வாசலில் கருங்கல்லில் பொறிக்கப்படும் என்றீர்கள். அதே கல்லில் பேராயர், குருவானவர், தாளாளர், கமிட்டியார் பெயர்களும் வரும் என்றீர்கள். அந்தக் கட்டடத்துக்குள் நின்று பாடம் நடத்திய ஒரு டீச்சரின் பெயர்கூட அந்தப் பட்டியலில் இல்லை.

அதற்கும் முந்தின வாரமே, இடிக்க வசதியாக இருக்கட்டும் என்று உள்ளே இருந்த மர அலமாரிகளைக் காலி செய்திருக்கிறீர்கள். அட்மிஷன் ரெஜிஸ்டர், வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டி, இன்ஸ்பெக்டர்கள் வந்துபோகும்போது எழுதிவைத்த குறிப்பு நோட்டு, எல்லாம் எடைக்குப் போய்விட்டது. சபையாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய டீச்சர்மார் குடும்பங்களிடமும் சொல்லவில்லை. இதைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நான் மூணாப்பு டீச்சரின் பேத்தி. அதற்கு மேல் அறிமுகம் நம் ஊரில் யாருக்கும் தேவைப்படாது. மதுரையில் வேலை பார்க்கிறேன், ஆனால் சங்கக் காணிக்கை இன்றைக்கும் இந்தச் சபையில்தான் கட்டுகிறேன். எனக்கு ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் இந்தக் கோயிலில்தான் நடந்தன. என் ஆச்சியை அடக்கம் பண்ணியதும் இங்கேதான்.

ஆச்சியின் முதல் வருட நினைவுநாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்க நினைத்தோம். அவள் வேலையில் சேர்ந்த தேதி, எந்தெந்த வகுப்பு எடுத்தாள், எத்தனை பிள்ளைகள் என்பதையெல்லாம் பள்ளிக்கூடப் பதிவேட்டில் பார்த்து எழுதலாம் என்று ஊருக்கு வந்தேன். அலமாரி இருந்த இடத்தில் சுவரில் அதன் அடையாளம் மட்டும் இருந்தது. ரோட்டோரப் பழைய இரும்புக் கடைக்குப் போய்க் கேட்டேன். பெரும்பாலானவை லாரி ஏறிவிட்டன. கனத்த அட்டை போட்டிருந்ததால் ஒரேயொரு பதிவேடு மட்டும் தராசுக்குப் பக்கத்தில் கிடந்தது. கடைக்கார அண்ணாச்சி அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அது மூன்றாம் வகுப்பின் 1961-62 வருகைப் பதிவேடு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஆச்சியின் கையெழுத்து. பெயர்கள் கறுப்பு மையில், விடுமுறை நாட்கள் சிவப்பு மையில். வராத பிள்ளைகளுக்கு நேரே வராத குறி போட்டிருக்கிறாள். அதோடு விடவில்லை. குறிக்கு மேலே பென்சிலால் பொடி எழுத்தில் காரணத்தையும் எழுதிவைத்திருக்கிறாள்: ‘அம்மை’, ‘தம்பியைப் பார்க்க’, ‘ஆடு மேய்க்க’. எல்லாவற்றையும்விட அதிகமாக வருவது ‘விடிலி’, பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை.

பங்குனி பிறந்து பதநீர் இறங்க ஆரம்பித்தால் நம் செம்மணல் தேரிக்காட்டில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும். அப்பா பனையில், அம்மா விடிலியில் அடுப்படியில். காவோலை பொறுக்கவும், சுள்ளி ஒடிக்கவும், கொதிக்கிற பதநீரைப் பார்த்துக்கொள்ளவும், சிரட்டைகளைக் கழுவி வரிசையாக வைக்கவும் பிள்ளைகள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் முழுப் பரீட்சை நடக்கிற மாதமும் அதுதான். திரும்ப ஜூன் மாதம் திறக்கும்போதும் பனைக்காலம் முடிந்திருக்காது. அதனால் தேரிக்காட்டுப் பிள்ளைக்கு மூணாப்பு என்பது பல வீடுகளில் கடைசி வகுப்பாகவே இருந்தது. ஆச்சி வேலைக்குச் சேர்ந்த 1958-இல் இதுதான் நிலைமை. பாளையங்கோட்டையில் டிரெயினிங் முடித்து வந்த இருபது வயதுப் பெண் அவள்.

அவள் என்ன செய்தாள் என்பது உங்களில் அறுபது தாண்டியவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு செம்மணலில் விடிலி விடிலியாக நடப்பாள். அடுப்பு வெளிச்சம் எட்டுகிற இடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து அன்றைய பாடத்தைச் சொல்லிக்கொடுப்பாள். சிலேட்டு இல்லாதவனுக்கு மணல்தான் சிலேட்டு. கணக்குக்குப் பனங்கொட்டை. பரீட்சைக்கு அந்தப் பிள்ளைகளை அவளே வந்து கூட்டிக்கொண்டு போவாள், அன்றைக்கு அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அம்மாமார் சொன்னால் ஒரு கிழவியைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுப் போவாள். அதற்கெல்லாம் யாரும் அவளுக்குப் படி கொடுத்ததில்லை. ஒரு பிள்ளைக்கு வரவில்லை என்று குறி போடுவதற்கு முன்னால் ஏன் வரவில்லை என்று போய்ப் பார்க்க வேண்டும், அது டீச்சரின் வேலை என்பாள்.

அந்தப் பதிவேட்டின் பின்னட்டை உள்பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் அழுதேன். ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று ஒரு ரூபாய் வரைக்கும் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள்.

இதன் அருமை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். 1957 ஏப்ரல் முதல் தேதி இந்தியாவில் தசமக் காசு வந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய் என்பது போய் நூறு நயா பைசா ஒரு ரூபாய் என்று ஆனது. ஆனாலும் பழைய காசு உடனே மறைந்துவிடவில்லை, சில வருடங்கள் இரண்டும் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. பதினாறை நூறாக்கினால் ஓர் அணாவுக்கு ஆறே கால் பைசா வருகிறது. கால் பைசாவை எங்கே விடுவது, எங்கே சேர்ப்பது? நம் ஊர்ப் பெண்கள் கருப்பட்டியைச் சிப்பம் சிப்பமாக வியாபாரியிடம் போட்டுவிட்டு, முன்பணத்தில் கழித்தது போக மிச்சத்தை வாங்குவார்கள். நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. கால் பைசா எப்போதும் வியாபாரி பக்கமே விழுந்தது.

ஆச்சி அந்தக் கட்டத்தை முதலில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்தாள். பிள்ளைகள் வீட்டில் ஒப்பித்தார்கள். அப்புறம் அம்மாமார் தாங்களாகவே கேட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெபக்கூட்டம் முடிந்ததும் கோயில் வராந்தாவில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு வைத்து, முதலில் கையெழுத்து, அடுத்து எண்கள், கடைசியில் வியாபாரியின் நோட்டை வாசிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். தங்கள் நோட்டை வாங்கிப் பார்த்து, இங்கே தப்பு இருக்கிறதே என்று கேட்ட முதல் பெண்கள் இந்தச் சபையில் அப்படித்தான் உருவானார்கள். அந்த வியாபாரியும் நம் சபைக்காரர்தான். டீச்சர் கோயில் வராந்தாவில் கணக்கு நடத்துகிறாள், ஜெபத்தைக் கெடுக்கிறாள் என்று அன்றைய கமிட்டியில் மனு கொடுத்தார். கமிட்டி அவளைக் கூப்பிட்டு விசாரித்தது. வேதம் வாசிக்கத்தான் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன், எழுத்துத் தெரிந்தவள் நோட்டையும் வாசிப்பாள், அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று பதில் சொன்னாளாம். வராந்தா வகுப்பு நிற்கவில்லை. தொண்ணூறுகளில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் வந்தபோது, ரிட்டயர் ஆகப்போகிற வயதில், அதே வராந்தாவில் அதே வகுப்பை இன்னொரு தலைமுறைப் பெண்களுக்கு நடத்தினாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவள் வந்த புதிதில் தெற்குத் தெருப் பிள்ளைகள் கடைசி வரிசையில், சுவரோரமாக உட்கார்வது வழக்கமாம். யாரிடமும் அனுமதி கேட்காமல், உயரத்தின்படி உட்காருங்கள் என்று சொல்லிவிட்டாள். குள்ளமான பிள்ளை முன்னால், வளர்ந்த பிள்ளை பின்னால். இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். அந்த வீடுகளுக்குப் போய்ப் பேசினாள், திரும்பக் கூட்டி வந்தாள். வரிசையை மட்டும் மாற்றவில்லை.

இப்படி 38 வருடம். 1996-இல் ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தீர்கள். அதைச் சாகும்வரை ஓடவிட்டு வைத்திருந்தாள்.

கோயிலில் அவள் எப்படி இருந்தாள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் மணி அடிக்கும் முன் தன் இடத்தில் இருப்பாள். ஒரு திருவிருந்தையும் விட்டதில்லை, ஆயத்த ஆராதனைக்குக்கூட மழையில் குடை பிடித்துக்கொண்டு வருவாள். சம்பளம் வந்த அன்றே தசமபாகத்தைத் தனியாக மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிடுவாள். கோயிலுக்கென்று வைத்த கைப்பிடி அரிசிப் பானையில் ஒரு பிடி போட ஒரு நாளும் மறந்ததில்லை. வீட்டில் சோறு குறைவாக இருந்த நாட்களிலும் முதல் பிடி பானைக்குத்தான் போகும். ஓய்வுநாள் பாடசாலையில் நான் சங்கீதம் ஒப்பிக்கத் திணறும்போது, பேத்தி என்று பார்க்காமல் எல்லோருக்கும் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பாள். வீட்டுக்கு வந்ததும் மடியில் இருத்தி, ஒரு துண்டு கருப்பட்டியைக் கையில் கொடுத்து, இப்போது சொல்லு என்பாள். இப்போது மட்டும் எப்படித்தான் வருமோ, வந்துவிடும்.

அவளுக்குப் பள்ளிக்கூடமும் கோயிலும் இரண்டாக இருக்கவில்லை. நீங்கள்தான் அவளைப் பிரித்துவிட்டீர்கள்.

அடக்க ஆராதனைக்கு ஜீவிய சரித்திரம் எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். என் அப்பா ராத்திரி முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். நேரமில்லை, சுருக்க வேண்டும் என்று கோயில் வாசலில் வைத்துப் பேனாவால் அடித்தீர்கள். கடைசியில் வாசித்தது என்ன? பிறந்த தேதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல், விவாகம், பெற்ற பிள்ளைகள், பேரன் பேத்திகள், கர்த்தருக்குள் நித்திரை. தேவசெய்தியில் அவளை ஜெபிக்கிற தாய், பாசமுள்ள பாட்டி என்றார்கள். உண்மைதான், அதற்கு நான் சாட்சி. ஆனால் அந்தக் கோயில் நிறைய, வெளியே பந்தல் வரைக்கும், அவளிடம் எழுத்துப் படித்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். 38 வருடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் குடும்பம் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை, அடக்க வீட்டில் சண்டை வேண்டாம் என்றார் அப்பா. பேச்சில் விட்டுப்போனது ஏட்டிலாவது இருக்கிறது என்று நினைத்தோம். இப்போது அந்த ஏட்டையும் தராசில் ஏற்றிவிட்டீர்கள்.

ஐயா, பதிவேட்டின் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? திருநெல்வேலித் திருச்சபையின் கதையை நாம் எங்கிருந்து தொடங்குகிறோம்? பாளையங்கோட்டைச் சபையில் 1780-இல் எழுதிய பெயர்ப் பட்டியலில் இருந்து. நாற்பது பேர் பெயர் இருக்கிற அந்தப் பட்டியலில் முதல் பெயர் குளோரிந்தா என்ற ஒரு பெண்ணுடையது. கணவனை இழந்தவள், ஊரார் ஒதுக்கியவள். 1785-இல் பாளையங்கோட்டையில் அவள் எழுப்பிய கோயில் இன்னும் அவள் பெயராலேயே நிற்கிறது. அன்றைக்கு யாரோ ஒருவர் அந்த ஏட்டைப் பத்திரமாக வைத்ததால்தான் ஒவ்வொரு பண்டிகையிலும் நீங்கள் அவளைப் பற்றிப் பிரசங்கிக்க முடிகிறது. பழைய பேப்பர்தானே என்று அவர்களும் நினைத்திருந்தால்?

சாராள் தக்கரையும் நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் இருந்தபடியே, நம் பெண்பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று உழைத்த பெண். இந்தியாவை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. பாளையங்கோட்டையில் 1895-இல் தொடங்கிய கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது, அது சரியானதுதான், அந்தப் பெயர் அங்கே இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு. இந்த மண்ணைப் பார்க்காத ஒருவரின் அன்பை வாசலில் எழுதத் தெரிந்த நமக்கு, இந்த மணலில் செருப்பில்லாமல் நடந்த டீச்சர்மாரின் பெயரை எழுதக் கை வரவில்லை என்பதுதான் என்னால் ஏற்க முடியாதது.

வேதத்துக்கே வருவோம். பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவனுடைய விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறார். பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லித்தான் எழுதுகிறார். ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் பெபேயாள், பிரிஸ்கில்லாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்று பெண்களின் பெயர் வரிசையாக வருகிறது. அவர்களில் சிலரைப் பற்றி, கர்த்தருக்குள் பிரயாசப்பட்டார்கள் என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் பெயர் இருக்கிறது. கடிதத்தை முடிக்கிற அவசரத்தில் அவர் அதைச் சுருக்கவில்லை.

இதில் நினைவும் மரியாதையும் மட்டும் சம்பந்தப்பட்டிருக்கவில்லை. கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டை இரும்புப் பெட்டியில் பூட்டி, சாவியைக் குருவானவர் வீட்டில் வைத்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் நம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களில் பாதிப் பேர் சபையைச் சேராதவர்கள். அம்மன் கோயில் தெருப் பிள்ளைகள், தெற்குத் தெருப் பிள்ளைகள், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். நாடு முழுவதற்கும் பொதுவான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-இல்தான். அதற்கு முன்னால் விடிலியிலும் குடிசையிலும் பிறந்த பிள்ளைகள் பலருக்குப் பிறந்த தேதி எழுதப்பட்ட ஒரே இடம் அட்மிஷன் ரெஜிஸ்டர். முதியோர் பென்ஷன் மனு போடும்போது வயதுக்கு அத்தாட்சி கேட்டால், டி.சி. தொலைந்துபோனால், சொத்து வழக்கில் இன்னார் மகன் இன்னார் என்று காட்ட வேண்டியிருந்தால், அவர்கள் தேடி வருவது அந்த ஏட்டைத்தான். கடந்த வாரம்கூட ஒரு அம்மா வந்து திரும்பிப் போனதாகக் கேள்விப்பட்டேன். அரசு உதவி பெறும் பள்ளியின் பதிவேடு நம் சபைச் சொத்து மட்டும் அல்ல. இந்த ஊர் முழுக்க நம்மை நம்பி நம் கையில் கொடுத்தது. அந்த நம்பிக்கையை உண்டாக்கியவர்களும் டீச்சர்மார்தான், நீங்களோ நானோ இல்லை.

நீங்கள் சொல்லப்போகும் சமாதானங்களும் எனக்குத் தெரியும். கட்டடம் பலமிழந்துவிட்டது, ஓடு சரிகிறது, உத்தரத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகள் தலையில் விழுவதற்கு முன் இடிப்பதே நல்லது. மண்டபம் இல்லாமல் ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கு டவுன் வரைக்கும் போகவேண்டியிருக்கிறது. அதுவும் சரி. மண்டபம் கட்டுங்கள், என்னால் ஆனதை நானும் தருகிறேன். ஆனால் கமிட்டியில் ஒரு பெரியவர், ‘டீச்சர்மார் பேரெல்லாம் போட்டா கல்லு பத்தாது’ என்று சொன்னாராம். அவருக்கு நான் மரியாதையோடு சொல்லிக்கொள்வது: பணம் கொடுப்பவர்கள் கூடினால் கல்லைப் பெரிதாக்க மாட்டீர்களா? இவர்கள் கொடுத்தது பணம் இல்லை என்பதற்காகக் கல் சின்னதாகிவிடுமா? அந்த ஓடு 1977 புயல் மழைக்குப் பின் மாற்றப்பட்டபோது டீச்சர்மார் நாலு பேரும் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்தார்கள் என்று அதே பெரியவரின் அக்கா இன்றைக்கும் சொல்கிறார். அந்த நாலு பேரில் அந்த அக்காவும் ஒருவர்.

என் ஆச்சிக்காக மட்டும் நான் கேட்கவில்லை. அவளுக்கு முன்னால் ஒன்றாப்பு எடுத்த டீச்சர், அவளுக்குப் பக்கத்து அறையில் தையலும் பாட்டும் சொல்லிக்கொடுத்த டீச்சர், அவளுக்குப் பின்னால் வந்து இளம் வயதிலேயே இறந்துபோன டீச்சர், மதியச் சோறு ஆக்கிப்போட்ட ஆயாமார் என்று பெரிய வரிசை இருக்கிறது. அவர்களில் பலருக்குக் கேட்கப் பேத்திகூட இல்லை. சிலர் கல்யாணமே செய்துகொள்ளாமல் இந்தப் பள்ளிக்கூடத்தோடு வாழ்ந்து முடித்தார்கள்.

ஆகவே கேட்கிறேன்.

பதிவேடுகள் எந்தத் தேதியில், எந்த லாரியில், எந்த ஊருக்குப் போயின என்று பழைய இரும்புக் கடையில் விசாரித்து, மீட்க முடிந்ததை உடனே மீட்க வேண்டும். அதற்கு ஆகும் செலவைச் சபை ஏற்கவேண்டும், சபை முடியாது என்றால் நாங்கள் பழைய மாணவர்கள் ஏற்கிறோம். என்னிடம் இருக்கும் 1961-62 பதிவேட்டைப் பள்ளிக்கூடத்திடமே ஒப்படைப்பேன். அதற்குப் பூட்டுள்ள ஒரு பீரோவும் கையெழுத்திட்ட ரசீதும் வேண்டும். தலைமையாசிரியர் அறையில் இன்னும் மிஞ்சியிருக்கும் நோட்டுகளில் ஒன்றுகூட இனி கமிட்டித் தீர்மானம் இல்லாமலும், சபையாருக்கு முன்கூட்டியே அறிவிக்காமலும் வெளியே போகக் கூடாது. தொலைந்துபோன ரெஜிஸ்டர் விஷயத்தைக் கல்வித் துறைக்கு எழுத்தில் தெரிவித்து, வயது அத்தாட்சி தேவைப்படுகிறவர்களுக்கு மாற்று வழி என்ன என்று கேட்டு, அதை நோட்டீஸ் போர்டில் தமிழில் ஒட்டுங்கள்.

இடிப்பதற்கு முன்னால் கட்டடத்தை உள்ளும் புறமும் போட்டோ எடுத்து வையுங்கள். கரும்பலகைச் சுவரை முடிந்தால் பெயர்த்து எடுத்துப் புதிய பள்ளியில் வைக்கலாம். முடியாதென்றால் போட்டோவாவது இருக்கட்டும்.

மண்டபக் கல்வெட்டில், நன்கொடையாளர் பெயர்களுக்குக் கீழே அல்ல, அவற்றுக்கு முன்னால், இந்தப் பள்ளியில் பணியாற்றிய எல்லா ஆசிரியர்களின் பெயரும், பணிபுரிந்த வருடங்களோடு வரவேண்டும். சமைத்துப் போட்டவர்களின் பெயரும் வேண்டும். பதிவேடு போய்விட்டதால் பட்டியல் தயாரிக்க முடியாது என்று சொல்ல வேண்டாம். எழுபது, எண்பது வயதில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் வாயால் சொல்வார்கள். வீட்டு வீடாகப் போய் எழுதும் வேலையை நானும் என் தம்பியும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாரும் எடுத்துக்கொள்கிறோம். பட்டியலைச் சரிபார்க்கும் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கவேண்டும். ஒரு ஆளாவது சபைக்கு வெளியே இருந்து வந்த பழைய மாணவராக இருக்கட்டும்.

இனிமேல் யாருடைய அடக்கத்திலும் ஜீவிய சரித்திரத்தைக் குடும்பத்தார் எழுதிக் கொடுத்தபடியே வாசியுங்கள். நேரம் போதாது என்றால் அறிவிப்புகளைச் சுருக்குங்கள். வாசித்த தாளை ஒரு கோப்பில் போட்டுக் கோயிலில் வையுங்கள்.

இந்த மடலை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முழுவதும் வாசித்து, தீர்மானமாக எழுதி, சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முன்னால் எழுத்து மூலம் பதில் தர வேண்டுகிறேன். அதுவரை கல்வெட்டு வேலையை நிறுத்திவையுங்கள். கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டால் மதுரையிலிருந்து வந்து நேரில் பேசத் தயார். என் அப்பா சுருக்காமல் எழுதிய இரண்டு பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், அதையும் கூட்டத்தில் வாசியுங்கள்.

இப்படிக்கு,
சபையின் அங்கத்தினர்,
மூணாப்பு டீச்சரின் பேத்தி